ஒரு நாள் தூரம்

என் மகள் தன் தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான். தூரம் அல்ல. சான் பிரான்சிஸ்கோவுக்கும் சென்னைக்கும் நடுவே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் இருக்கிறது, அங்கிருந்து ஒரு பெண் எப்படி நேரத்துக்கு வந்து சேர முடியும் என்று எங்கள் உறவில் எல்லோரும் சொல்வார்கள். மகளும் அப்படித்தான் நம்பினாள். தன் மகனுக்கும் அதையே சொல்லி வளர்த்தாள். அந்த நம்பிக்கையை அவளுக்குள் போட்டவன் நான். அவளால் வந்து சேர முடியும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் முடியாது என்று சொன்னேன்.

அறியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. விமானக் கணக்கு என் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகங்கள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்து, அதே பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். வழக்கமான சரக்கு கன்டெய்னரில் ஏறிக் கப்பலில் போய்விடும். ஆனால் திடீரென்று ஒரு நாள் டெட்ராய்ட்டிலிருந்தோ ஸ்டட்கார்ட்டிலிருந்தோ போன் வரும். பாகம் தீரப் போகிறது, லைன் நின்றுவிடும் என்பார்கள். கார் தொழிற்சாலையில் லைன் நின்றால் அந்த நஷ்டம் எங்கள் கம்பெனியின் தலையில் விழும். அப்போது பாகத்தின் விலையைவிட அதிகமாகக் கட்டணம் கொடுத்தாவது விமானத்தில் அனுப்புவோம். நைட் ஷிப்டில் பெட்டி கட்டி, லேபிள் ஒட்டி, டெம்போவில் ஏற்றி, கட்-ஆஃப் நேரத்துக்குள் மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில் சேர்க்க வேண்டும். கஸ்டம்ஸ் முடிந்து ஏர்வே பில் கைக்கு வரும்வரை நானும் அங்கேயேதான் நிற்பேன். பிராங்க்பர்ட் வழி, துபாய் வழி, சிங்கப்பூர் வழி, எந்த ஊரில் சரக்கு எத்தனை மணி நேரம் கிடக்கும், எந்தக் கனெக்‌ஷன் தவறினால் அடுத்தது எப்போது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு பெட்டி போல்ட்டுக்கு உலகத்தின் மறுகோடிவரை வழி கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்.

வீட்டிலும் அதே வேலைதான். மகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா போன நாளிலிருந்து அவளுடைய டிக்கெட்டையெல்லாம் பார்த்துச் சொன்னவன் நானே. இதில் நடுவே வெகுநேரம் உட்கார வேண்டிவரும், அதில் டெர்மினல் மாற வேண்டும், இந்த விமானம் சென்னையில் நடுநிசியில் இறங்கும் என்றெல்லாம் பிரித்துச் சொல்வேன். “அப்பா சொன்னா சரியா இருக்கும்” என்று அவள் மறுபேச்சில்லாமல் புக் செய்வாள். அந்த வார்த்தைக்கு நான் செய்த துரோகத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எதை மறைத்தேன் என்பது அதில்தான் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு, உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 13,900 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆக, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக் பெருங்கடலை நேர்க்குறுக்காகத் தாண்ட வேண்டும் போலிருக்கும். உருண்டையில் பிடித்த நூலோ வடக்கே அலாஸ்கா வரை ஏறி, சைபீரியாவைத் தொட்டு, சீனா வழியாக வளைந்து இறங்கும். 2021 ஜனவரி 9-ம் தேதி ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை விட்டது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய அந்த போயிங் 777, வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தது. இரண்டு ஊருக்கும் நேர்த்தூரம் 13,993 கிலோமீட்டர். பயண நேரம் ஏறக்குறைய 17 மணி.

சென்னைக்கு அப்படி நேரடி விமானம் கிடையாது. எங்காவது ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் வர வேண்டும். சிங்கப்பூர் வழி என்றால் முதல் கட்டம் சுமார் 13,600 கிலோமீட்டர், எதிர்க்காற்றைப் பொறுத்து 16 முதல் 17 மணி நேரம். இரண்டாம் கட்டம் சுமார் 2,900 கிலோமீட்டர், 4 மணி நேரம். துபாய் வழி வந்தால் முதல் கட்டம் சுமார் 13,000 கிலோமீட்டர், 16 மணி நேரத்தை ஒட்டி. அங்கிருந்தும் சென்னைக்கு ஏறக்குறைய அதே 2,900 கிலோமீட்டர், அதே 4 மணி நேரம். பிராங்க்பர்ட் வழியில் முதல் கட்டம் 11 மணி நேரம் என்றால் இரண்டாம் கட்டம் 10 மணி நேரத்தை நெருங்கும். கலிபோர்னியா நமக்குக் கிட்டத்தட்ட உருண்டையின் மறுபக்கம் என்பதால், கிழக்கே சுற்றினாலும் மேற்கே சுற்றினாலும் வானத்தில் இருக்கும் நேரம் 20, 21 மணிதான். நடுவில் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள். நல்ல கனெக்‌ஷன் அமைந்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு, அமையாவிட்டால் கொஞ்சம் அதிகம்.

இந்த ‘ஒரு நாள்’தான் விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2018 ஆகஸ்ட் மாதக் கடைசி. வெள்ளிக்கிழமை விடியற்காலை இரண்டரை மணி சுமாருக்கு என் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கோடைக் காலத்தில் நமக்கும் கலிபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே அப்போது வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. மகள் ஆபீஸில் இருந்தாள்.

மச்சினனுக்குச் சொன்னேன், அண்ணனுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மகளுக்குப் போன் செய்தேன். அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை. உடலை ஆவடி வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய நேரத்தில் மறுபடியும் அழைத்தாள். குரல் அடங்கியிருந்தது. ஆபீஸ் தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து விமானங்களைப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

“அப்பா, ராத்திரி பதினொண்ணு மணி வாக்குல சிங்கப்பூர் வழியா ஃப்ளைட்ல சீட் இருக்கு. சனிக்கிழமை காலைல மீனம்பாக்கத்துல இறங்கிடுவேன். மதியத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் வெச்சிருப்பீங்களாப்பா?”

அவள் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரி. கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனம் பழக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டது. அங்கே வியாழன் இரவு பதினொன்று என்றால் இங்கே வெள்ளி காலை பதினொன்றரை. சிங்கப்பூரில் இறங்கும்போது நமக்குச் சனிக்கிழமை விடியவில்லை. சாங்கியில் விமானம் மாற ஒன்றரை மணி நேரம் தாராளம். நாலு மணி நேரத்தில் சென்னை. கையில் ஒரு பையோடு வருகிறவளுக்குப் பெல்ட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. போரூர், பூந்தமல்லி, கரையான்சாவடி, பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்கு எவ்வளவு நெரிசல் இருந்தாலும் இரண்டு மணி நேரம். பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பாள்.

இத்தனையும் தெரிந்த நான் அவளிடம் இப்படிச் சொன்னேன்: “அந்தக் கனெக்‌ஷன் நிக்காதும்மா. முதல் ஃப்ளைட் கொஞ்சம் லேட்டானாலும் அடுத்தது போயிடும். அப்புறம் ஞாயித்துக்கிழமைதான். அம்மாவை அவ்வளவு நேரம் வெக்க முடியாது. நீ அலைஞ்சு வந்தும் முகம் பாக்க முடியாம போயிடும். காரியத்துக்கு வா.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரிப்பா” என்றாள். விமானக் கணக்கில் அப்பா சொன்னால் சரியாக இருக்கும் அல்லவா?

வீட்டில் பேச்சு கிளம்பியது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு, எமகண்டம் மூன்று முதல் நாலரை, நடுவில் எடுத்துவிடலாம் என்றார் அண்ணன். சனிக்கிழமைக்குத் தள்ளக் கூடாது, சனிப் பொணம் தனிப் போகாது என்றார் ஒரு பெரியம்மா. நான் தலையசைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களும் சனிக்கிழமை எடுக்க நேர்ந்தால் பாடையில் ஒரு கோழிக் குஞ்சையோ தேங்காயையோ கட்டிவிட்டு எடுத்துப் போகிறார்கள். ஊர் வழக்கம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அன்று அந்தப் பெரியம்மாவின் வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுத்துப் பேசியவர் ஒருவர்தான். என் மச்சினன். திருத்தணியிலிருந்து முதல் வண்டி பிடித்து, அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். குழாயடியில் யாரோ பாதி கழுவிவிட்டுப் போட்ட பித்தளைக் குடம் கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்.

“மாமா, ஃப்ரீசர் பாக்ஸுக்கு நான் சொல்லிடறேன். நம்ம மார்க்கெட் பக்கமே கிடைக்குது, ஒரு மணி நேரத்துல வந்துடும். பாப்பா வந்துடட்டும் மாமா. ஒரே பொண்ணு.”

“அவளால வர முடியாது. ஃப்ளைட் இல்லை” என்றேன்.

அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். விமானத்தைப் பற்றி என்னிடம் வாதாட அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்தோம். வாய்க்கரிசி போட மகள் இல்லை. நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் இல்லை. அண்ணன் மகன் செல்போனை உயர்த்திப் பிடித்து வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான். அங்கே நள்ளிரவு ஒன்றரை. அவள் ஏறியிருக்க வேண்டிய விமானம் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகிப் பசிபிக்கின் மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கும் என் மனதில் ஓடியது.

ஏன் இப்படிச் செய்தேன்?

என் மனைவிக்கு அதற்கு முன்பு சில வாரங்களாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுவிடுவாள். ராத்திரியில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கினாள். வாய்வுத் தொந்தரவு என்று தெருமுனை டாக்டரிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இதயத்தைப் பார்க்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையிலிருந்து மேசை இழுப்பறைக்குப் போனது. அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன். காசு இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் எனக்குள் ஒரு பயம், ஒரு சோம்பல். அவள் தானாகச் சரியாகிவிடுவாள் என்று நம்ப விரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் வரும்போது போனை நான்தான் பிடித்திருப்பேன். “அம்மா ஏன் இப்படி வாங்கறாங்க? எக்கோ எடுத்தீங்களா?” என்று கேட்டாள். எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல் என்று சொன்னேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவன் அல்ல.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை நான் பயந்தது பிணம் கெட்டுவிடும் என்றோ, சனிக்கிழமை ஆகாது என்றோ அல்ல. தாயின் உடல் கூடத்தில் கிடக்க, ஊரும் உறவும் சுற்றி நிற்க, மகள் உள்ளே வந்து “எக்கோ ரிப்போர்ட் எங்கேப்பா?” என்று கேட்பாளே என்றுதான் பயந்தேன். உடல் போய்விட்டால் கேள்வியின் சூடு தணிந்துவிடும், பதினாறாம் நாள் வருகிறவள் அழுதுவிட்டுப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் பலித்தது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வர முடியாமல் போனது தன் குற்றம் என்று அவள் குன்றிப்போயிருந்ததில், என் குற்றத்தைத் தேட அவளுக்கு மனம் இருக்கவில்லை.

காரியத்துக்கு அதே சிங்கப்பூர் வழியில்தான் வந்தாள். மீனம்பாக்கத்தில் அவளை அழைத்துவர நான் போயிருந்தேன். அவள் அன்று போனில் சொன்ன நேரப்படியே விமானம் இறங்கியது, கனெக்‌ஷன் நின்றது. வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், “இவ்வளவு தூரத்துல போய் உட்கார்ந்துட்டேன் ஆன்ட்டி, என்னால வர முடியலை” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் அதே கூடத்தில் இருந்தேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

செய்ததைவிடப் பெரிய குற்றம் இந்த மௌனம் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் காலை நேரத்தில் பயத்தில் ஒரு பொய் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாட்கள் பயமில்லாமல், நிதானமாக, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து அதே பொய்யைக் காப்பாற்றினேன். பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பினால் இதுதான் கதி என்று உறவினர்கள் அவளைச் சொல்லும்போது கூட விட்டுவிட்டேன்.

தூரம் உண்மையாகவே குறுக்கே நின்ற காலங்கள் உண்டு. அவற்றைப் பார்த்தபோதுதான் என் குற்றத்தின் அளவு எனக்குத் தெரிந்தது.

எங்கள் சித்தப்பா ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். ராஜுலா கப்பல் ஓடிய காலம். சென்னையில் ஏறினால் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தாத்தா இறந்தபோது அவருக்குத் தந்திதான் போனது. அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் தன்னை நொந்துகொள்ளவில்லை. கடல் அவ்வளவு அகலம், யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் ஓடுபாதையே நீரில் மூழ்கி, விமான நிலையத்தைச் சில நாட்கள் மூடிவிட்டார்கள். அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்கினார்கள். அந்த வாரத்தில் வெளியூரிலிருந்து சாவுக்கு வர முடியாமல் போனவர்கள் யாரையும் யாரும் குறை சொல்ல முடியாது.

2020-ல் அதைவிடக் கொடுமை. மார்ச் மாதக் கடைசியில் பன்னாட்டு விமானங்கள் நின்றன. மே 7-ம் தேதி முதல் வந்தே பாரத் என்ற பெயரில் சிறப்பு விமானங்கள் வந்தன. வழக்கமான பன்னாட்டுச் சேவை திரும்பியது 2022 மார்ச் 27-ல். அந்த இரண்டு ஆண்டுகளில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் திரையில் பார்த்து அழுதார்கள்! எங்கள் தெருவிலேயே ஒரு தகப்பனார் போனார். மகன் நியூஜெர்சியில். அந்த அம்மா என்னிடம் வந்து, “உங்க பொண்ணு நிலைமைதாங்க இப்ப எங்க பையனுக்கும். உங்களுக்குத்தான் இந்த வேதனை புரியும்” என்றார். வாசலில் நின்றபடி ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மகனுக்கு வானம் அடைபட்டிருந்தது. என் மகளுக்குத் திறந்துதான் இருந்தது. அடைத்தவன் நான். அந்த அம்மாவின் உண்மையான துக்கத்துக்கு நடுவில் என் பொய்யும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. இதை இனியும் சுமக்கக் கூடாது என்று முதல்முறையாகத் தோன்றியது அப்போதுதான். தோன்றியும் மேலும் சில ஆண்டுகள் கடத்தினேன்.

அந்த ஆண்டுகளில் நான் யோசித்துத் தெளிந்தது ஒன்று உண்டு. ஒரு வாரத் தூரமாக இருந்தால் முடிவெடுக்க எதுவும் இல்லை, விதி என்று விட்டுவிடலாம். துபாய், சிங்கப்பூர்போல நாலு மணி நேரத் தூரமாக இருந்தாலும் முடிவெடுக்க எதுவும் இல்லை, அடுத்த விமானத்தில் பிள்ளை வந்துவிடும். அமெரிக்கா ஒரு நாள் தூரம். உடலை ஒரு நாள் வைத்திருக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஊரில் வழக்கம் இருக்கிறது, காரணம் இருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்குமா இல்லையா என்பதை விமானம் தீர்மானிப்பதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்துவிட்டுப் பழியைத் தூரத்தின் மேல் போடுவது மிகவும் சுலபம், ஏனென்றால் அந்த எண் அவ்வளவு பெரியது. 14,000 கிலோமீட்டர் என்றால் கேட்கிறவர் உடனே ஆமாம் என்றுவிடுவார். அந்த எண்ணின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்து மனிதர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்த பிறகு, வடாற்காட்டிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் ரயிலேறி வேலைக்கு வந்தவர்கள் நாங்களும் எங்கள் தகப்பன்மாரும். ஊரில் சாவு என்றால் ராத்திரி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்காக ஊரில் உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ‘பட்டணத்துல இருந்து புள்ள வரணும்’ என்று ஊரே பொறுத்தது. நாங்கள் படிக்க வைத்த பிள்ளைகள் இப்போது அதைவிடத் தூரத்தில் இருக்கிறார்கள். அம்பத்தூர் ஓ.டி.யிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்குச் சில வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறோம். பரந்தூரில் புது விமான நிலையம் வந்தால் நம் பக்கத்துக்கு வசதி என்றும், ஒருநாள் அமெரிக்காவுக்கு இங்கிருந்தே நேரடி விமானம் வரும் என்றும் பூங்கா பெஞ்சில் பேசிக்கொள்கிறோம். வரட்டும். பயணத்தில் சில மணி நேரம் குறையும். ஆனால் நமக்காக அன்று ஊர் காத்திருந்ததுபோல நம் பிள்ளைக்காக நாம் காத்திருப்போமா என்பதற்கு எந்த விமான நிலையமும் பதில் சொல்லாது.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொல்லத் துணிவு வரவில்லை. அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பேரன் தூங்கிய பிறகு, இழுப்பறையில் இருந்த அந்த டாக்டர் சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். எக்கோ எடுக்காததைச் சொன்னேன், கனெக்‌ஷன் நிற்காது என்று நான் சொன்னது பொய் என்பதைச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் சீட்டிலிருந்த தேதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

“நான் வரலைன்னு என்னை நானே எத்தனை நாள் திட்டிக்கிட்டேன் தெரியுமாப்பா உங்களுக்கு?”

தெரியும் என்றேன். தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் மச்சினனைப் பார்க்கத் தனியாகத் திருத்தணி போய்விட்டு வந்தாள். என்னை மன்னித்தாள் என்று எழுத முடியாது, அவள் அப்படிச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் முன் ஒன்று சொன்னாள்: “இதை எழுதுங்கப்பா. என் பெயர் வேண்டாம். ஆனா எழுதுங்க.” அவள் சொன்னதால்தான் எழுதுகிறேன். உறவினர்கள் இதைப் படித்தால், அவளைப் பற்றி இதுவரை சொன்னதைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவள் வரத் தயாராக இருந்தாள். நான்தான் தடுத்தேன்.

பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கும் வீடுகளில், உயிரோடு இருக்கும்போதே சில விஷயங்களைப் பேசி வைத்துவிடுங்கள். எனக்கு ஏதாவது ஆனால் நீ வரும்வரை வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று கணவனும் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவை உள்ளூரில் இருக்கும் ஒரு மச்சினனிடமோ தம்பியிடமோ சொல்லி வையுங்கள். என்னைப்போல ஒருவன் கடைசி நேரத்தில் அதை மாற்றாமல் அவர் பார்த்துக்கொள்வார். உடம்புக்கு வந்ததைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பிள்ளை வருவதில் பயம் இருக்காது.

அந்த நேரம் வந்தால், எத்தனை மணியானாலும் முதல் போன் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும். எப்போது வந்து சேர முடியும் என்று மட்டும் கேளுங்கள். விமானம், வழி, கனெக்‌ஷன் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வர முடியாது என்று அவர்கள் சொன்னால் அது அவர்கள் முடிவு. வருகிறேன் என்றால், ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.